எந்த வருடப் படகு, எந்த மாடல்? வாசகர் கேள்வி–பதில்

பழைய ஃபைபர்கிளாஸ் மோட்டார் படகு வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் கேட்டவை இவை. பெரும்பாலானவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: காகிதத்தில் ஒரு வருடம் இருக்கிறது, படகைப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது, எதை நம்புவது? ஹல்லோடு, அதாவது படகின் அடிக்கூட்டோடு, சேர்ந்து வார்க்கப்பட்டதை முதலில் நம்புங்கள். பிறகு திருகி மாட்டியது எதுவானாலும், அது மோட்டாரோ டிரெய்லரோ காகிதமோ, சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டெக்சாஸ் வாசகர்: பண்ணை ஒன்றில் கிடந்த 15 அடிப் படகை வாங்கினேன். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் பழைய கார்களில் இருப்பதுபோல் வால் துடுப்பு எழும்பி நிற்கிறது. கம்பெனிப் பெயர் எழுத்துகள் எல்லாம் போய்விட்டன. டைட்டிலில் (உரிமைப் பத்திரத்தில்) 1972 என்று போட்டிருக்கிறது. பின்சுவரில் எண் எதையும் காணோம். யார் செய்தது, எந்த வருடம்?

அந்த 1972-ஐ நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 1972 நவம்பர் 1 முதல் செய்யப்பட்ட ஒவ்வொரு படகிலும் 12 எழுத்து–எண் கொண்ட ஹல் அடையாள எண் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அதற்கு முன் கம்பெனிகள் தங்கள் வசதிக்கு ஏற்ப ஒரு வரிசை எண் போட்டன, அல்லது ஒன்றுமே போடவில்லை. பழைய படகை முதல் தடவை பதிவு செய்யப் போனவர் வருடம் தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருப்பார், எழுத்தர் அதையே எழுதியிருப்பார். வாங்கிய வருடத்தையோ பதிவு செய்த வருடத்தையோ தயாரிப்பு வருடமாகப் போட்ட டைட்டில்களும் நிறைய உண்டு.

ஆனால் எண் இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் அது பெயின்டுக்கு அடியில் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். சட்டப்படி எண் இருக்கும் இடம், படகுக்குள் முன்னோக்கி நின்றால் உங்கள் வலது கைப்பக்கம் வரும் பின்சுவரின் வெளிப்புறம். பின்சுவரின் மேல்விளிம்பு, பக்கவாட்டு மேல்விளிம்பு, ஹல்லும் டெக்கும் (மேல்தளமும்) சேரும் மூட்டு ஆகிய மூன்றில் எது தாழ்வோ அதற்குக் கீழே 2 அங்குலத்துக்குள். எழுத்தின் உயரம் குறைந்தது கால் அங்குலம்.

இருட்டிய பிறகு அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் அடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. படுத்த வெளிச்சத்தில் பெயின்டுக்கு அடியில் இருக்கும் மேடுபள்ளம் நிழலாக எழும். அதன்மேல் மெல்லிய காகிதத்தை ஒட்டி, பென்சிலின் பக்கவாட்டால் மெதுவாகத் தேய்த்துப் படி எடுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள். ஃபைபர்கிளாஸின் வெளிப்புற நிற அடுக்கான ஜெல்கோட்டில் பதிந்த எழுத்து ஆழம் இல்லாதது, இரண்டு இழுப்பில் போய்விடும். பெயின்டை எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஃபைபர்கிளாஸுக்கு என்றே விற்கும் ரிமூவரைப் பயன்படுத்துங்கள். சாதாரண ரிமூவர் ஜெல்கோட்டையும் இளக்கிவிடும். எண் தகடாக இருந்து விழுந்திருந்தால் இரண்டு ரிவெட் ஓட்டைகளும், வெயில் படாததால் நிறம் மாறாத ஒரு செவ்வகமும் மிஞ்சியிருக்கும்.

இவ்வளவு பார்த்தும் தடயமே இல்லை என்றால் அது பெரும்பாலும் 1972 நவம்பருக்கு முந்திய படகு. இனி ‘இதற்குப் பிந்தியதல்ல’ என்ற மேல்எல்லையும் ‘இதற்கு முந்தியதல்ல’ என்ற கீழ்எல்லையும் வைத்து வருடத்தை நெருக்கிக்கொண்டு வர வேண்டும்.

கம்பெனியின் சிறு உலோகத் தகடு எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். டாஷ்போர்டு, பின்சுவரின் உள்பக்கம், ஸ்டியரிங்கின் கீழ், முன் டெக்கின் அடிப்பக்கம் ஆகியவை அது இருக்கக்கூடிய இடங்கள். தகட்டில் முகவரி இருந்தால் பெயரைப் படிப்பதற்கு முன் அஞ்சல் எண்ணைப் பாருங்கள். அமெரிக்காவில் ஐந்து இலக்க ஜிப் கோடு 1963 ஜூலை 1-ஆம் தேதிதான் வந்தது. ஊர்ப் பெயரை அடுத்து ஓரிலக்க அல்லது ஈரிலக்க மண்டல எண் மட்டும் இருந்தால் அந்தத் தகடு அதற்கு முன் அச்சானதாக இருக்கும். ஐந்து இலக்கம் இருந்தால் தகடு 1963-க்கு முந்தியதாக இருக்க வழியே இல்லை. கம்பெனியின் வரலாறே தெரியாமல் இதைச் சொல்லிவிடலாம் என்பதால் இந்தத் தடயம் எங்களுக்கு மிகவும் பிடிக்கும்.

எத்தனை பேர், எத்தனை குதிரைத்திறன் என்று சொல்லும் கொள்ளளவுத் தகடு இருந்தால் அதை அச்சிட்டது யார் என்று பாருங்கள். அமெரிக்க அவுட்போர்டு போட்டிங் கிளப்பின் ஓ.பி.சி. எழுத்துகள் 1950களையும் 60களையும் சேர்ந்தவை. அதற்குப் பின் வந்தது போட்டிங் இண்டஸ்ட்ரி அசோசியேஷனின் பி.ஐ.ஏ. முத்திரை. என்.எம்.எம்.ஏ. என்ற படகுத் தயாரிப்பாளர் அமைப்பு உருவானதே 1979-இல்தான், ஆகவே அதன் பெயர் உள்ள தகடு அதற்கு முந்தியதாக இருக்காது. கடலோரக் காவல்படையின் பெயரோடு ‘அதிகபட்சக் கொள்ளளவு’ என்று வரும் தகடு 20 அடிக்குக் குறைந்த ஒற்றை ஹல் மோட்டார் படகுகளுக்கு 1972 நவம்பரில் கட்டாயமானது. உங்கள் படகில் அது இருந்தால் டைட்டில் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். எண் எப்படிப் போயிற்று என்பதுதான் பிறகு கேள்வி.

அடுத்தது உருவம். வால் துடுப்பு 1950களின் பிற்பாதியில் கார்களைப் பார்த்து வந்த மோகம். 60களின் தொடக்கத்தில் கார்களில் அது மறைந்தபோது படகுகளிலும் மறைந்தது. இதை மட்டும் வைத்து ஒரே வருடத்தைச் சொல்ல முடியாது. ஒரு அச்சு செய்யப் பெரும் பணம் ஆகும் என்பதால் கம்பெனிகள் அதே ஹல்லை ஐந்தாறு வருடம் ஓட்டின. வருடா வருடம் மாறியது நிறமும் சீட்டும் கண்ணாடியும் பக்கவாட்டு அலங்காரப் பட்டையும்தான். ஹல் மாடலைச் சொல்லும், அலங்காரம் வருடத்தைச் சொல்லும் என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் குறையும்.

மோட்டார் மாட்டும் இடத்தில் பின்சுவரின் உயரத்தை அளந்து பாருங்கள். 15 அங்குலம் வந்தால் குட்டைத் தண்டு மோட்டாருக்காக வெட்டியது, பழைய படகுகளில் அதுவே வழக்கம். பெரிய மோட்டார்கள் பரவியபோது 20 அங்குலம் வழக்கமாயிற்று. மோட்டார் பிராண்டுகளான ஜான்சனும் எவின்ரூடும் நான்கு சிலிண்டர் கொண்ட 50 குதிரைத்திறன் வி–4 மோட்டாரை இறக்கியது 1958-இல். இதில் ஒரு எச்சரிக்கை: 15 அங்குலச் சுவரைப் பலகை வைத்து 20 ஆக்கிய படகுகள் ஏராளம். உள்பக்கம் தடவிப் பாருங்கள். மூலச் சுவரில் ஃபைபர் துணியின் நெசவுத் தடம் ஒரே சீராக ஓடும், ஒட்டுப் போட்ட இடத்தில் ஒரு கோடாகத் தடை படும். ஸ்டியரிங்கையும் பாருங்கள். சக்கரத்துக்குப் பின்னால் டிரம், அதில் சுற்றிய கம்பிக்கயிறு, இரண்டு பக்கமும் கப்பி என்றிருந்தால் அது பழைய முறை. கப்பிகளைக் கழற்றியிருந்தாலும் அவை இருந்த திருகாணி ஓட்டைகள் பின்மூலைகளில் தெரியும்.

பிறகு அளவெடுங்கள். படகு வளைவாக இருப்பதால் டேப்பை அதன்மேல் போட்டால் தப்பான நீளம் கிடைக்கும். டிரெய்லரில் படகை மட்டமாக நிறுத்துங்கள். முன்முனையிலிருந்து ஒரு தூக்குக்குண்டு, பின்சுவரின் மேல்விளிம்பு நடுவிலிருந்து இன்னொன்று விட்டு, தரையில் இரண்டுக்கும் இடையே அளக்கவும். ரப் ரெயில் (ஓரத்து இடிதாங்கிப் பட்டை), கொக்கி, மோட்டார் தாங்கி எதையும் சேர்க்க வேண்டாம். அதோடு அதிகபட்ச அகலம், பின்சுவரின் அகலம், உள்ஆழம் என்று மொத்தம் நான்கு அளவு வேண்டும். பல கம்பெனிகளுக்கு 15 அடிப் படகு இருந்தது; நான்கு அளவும் அரை அங்குல வித்தியாசத்துக்குள் ஒத்துப்போகும் படகு ஒன்றிரண்டுதான் தேறும்.

கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் எழுத்துகள் போனாலும் அவற்றின் நிழல் இருக்கும். எழுத்துக்கு அடியில் இருந்த ஜெல்கோட் வெயில் படாமல் மூல நிறத்திலேயே நிற்கும். நனைத்துவிட்டுச் சாய்வாகப் பாருங்கள். ஓட்டைகள் மட்டும் மிஞ்சியிருந்தால் டிரேசிங் தாள் வைத்து அவற்றைக் குறியுங்கள். சாய்வெழுத்தாக ஒரே உலோகத்தில் வார்த்த பெயருக்கு மூன்று நான்கு ஓட்டைதான் இருக்கும், தனித்தனி எழுத்து என்றால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. அந்தப் புள்ளிகளைப் பழைய விற்பனைக் கையேட்டுப் படத்தோடு ஒப்பிடலாம்.

நீங்கள் டெக்சாஸில் இருப்பதால் இரண்டு பெயர்களை முதலில் தேடச் சொல்வோம். 1956-இல் ஆஸ்டினில் பாப் ஹாமண்டும் கூட்டாளிகளும் தொடங்கிய கிளாஸ்ட்ரான் ஒன்று, கிராண்ட் பிரெய்ரியில் இருந்த லோன் ஸ்டார் இன்னொன்று. இரண்டுமே துடுப்பு வைத்த ஃபைபர்கிளாஸ் படகு செய்தன. பழைய படகுகள் பெரும்பாலும் பிறந்த ஊரிலிருந்து வெகுதூரம் போவதில்லை. ஆனால் இது தேடலை எங்கே தொடங்குவது என்பதற்கு மட்டும். இதை வைத்து யார் செய்தது என்று முடிவு செய்யக் கூடாது.

மின்னசோட்டா வாசகர்: என் படகின் எண் ஜி.எல்.ஏ. என்று தொடங்கி எம்75டி என்று முடிகிறது. டி நான்காவது எழுத்து. அப்படியானால் 1975 ஏப்ரலா?

இல்லை, 1974 நவம்பர். மாத எழுத்தில் பலரும் இப்படித்தான் தடுக்கி விழுகிறார்கள்.

பன்னிரண்டில் முதல் மூன்று தயாரிப்பாளர் குறியீடு. உங்களுடையது கிளாஸ்ட்ரான். எஸ்.இ.ஆர். என்றால் சீ ரே, பி.டபிள்யூ.சி. என்றால் பாஸ்டன் வேலர். நடுவில் உள்ள ஐந்தும் கம்பெனியின் வரிசை எண். அதில் ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வரக் கூடாது என்பது விதி. ஆகவே வட்டமாகத் தெரிவதைப் பூஜ்யமாகவும் நேர்க்கோட்டை ஒன்றாகவும் படியுங்கள். கடைசி நான்குதான் தேதி, அது மூன்று வகையில் வரும்.

நான்குமே எண்ணாக இருந்தால் முதல் இரண்டு மாதம், பின் இரண்டு வருடம். 0576 என்றால் 1976 மே. எம் என்ற எழுத்தில் தொடங்கி, இரண்டு எண், பின் ஒரு எழுத்து என்றிருந்தால் அது மாடல் வருடக் கணக்கு. இங்கே ஆண்டு ஆகஸ்டில் பிறக்கிறது. ஏ ஆகஸ்ட், பி செப்டம்பர், சி அக்டோபர், டி நவம்பர் என்று போய் எல் எழுத்தில் ஜூலையோடு முடியும். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை வரும் ஏ–இ எழுத்துகளுக்கு மாடல் வருடத்தில் ஒன்றைக் கழிக்க வேண்டும். அதனால்தான் உங்களுடையது 1975 மாடல், கட்டியது 1974 நவம்பரில்.

மூன்றாவது வகை 1984-இல் வந்தது, அந்த ஆகஸ்ட் 1 முதல் அதுவே கட்டாயம். முதலில் ஒரு எழுத்து, பிறகு மூன்று எண். இதில் ஏ ஜனவரி, எல் டிசம்பர். எழுத்தை அடுத்த எண் கட்டிய வருடத்தின் கடைசி இலக்கம், பின் இரண்டும் மாடல் வருடம். எச்586 என்றால் 1985 ஆகஸ்டில் கட்டிய 1986 மாடல். ஒரே ‘ஏ’ பழைய கணக்கில் ஆகஸ்ட், புதிய கணக்கில் ஜனவரி. எந்த வகை என்று முடிவு செய்துவிட்டுத்தான் மாதத்தைப் படிக்க வேண்டும்.

இன்னொன்று: மூடிப்போன கம்பெனியின் மூன்றெழுத்தைப் பிற்பாடு வேறு கம்பெனிக்குக் கொடுத்ததுண்டு. கடலோரக் காவல்படையின் பட்டியலில் தேடும்போது முதலில் கண்ணில் பட்ட பெயரை எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் படகு கட்டிய காலத்தில் அந்தக் குறியீடு யாரிடம் இருந்தது என்று பாருங்கள்.

அதே மாநிலத்திலிருந்து இன்னொருவர்: எண் எம்.என்.இசட். என்று தொடங்கி, 1985-ஐக் காட்டி முடிகிறது. விற்றவர் 1985 படகு என்றே விற்றார். படகு அதைவிடப் பழசாகத் தெரிகிறது.

உங்கள் கண் சொல்வது சரி. மாநிலத்தின் இரண்டெழுத்துக்குப் பின் இசட் வந்தால் அது மாநில அரசு கொடுத்த எண். வீட்டில் கட்டிய படகுக்கும், எண்ணே இல்லாத பழைய படகுக்கும் இப்படிக் கொடுப்பார்கள். அந்தத் தேதி எண் கொடுத்த நாளைத்தான் காட்டுகிறது. உங்கள் படகை எண்ணில்லாத படகாகவே நினைத்து, டெக்சாஸ் வாசகருக்குச் சொன்ன வழியில் போங்கள். எண்ணை மட்டும் நீங்களாக மாற்றவோ அகற்றவோ கூடாது, அது சட்டப்படி குற்றம்.

புளோரிடா வாசகர்: மோட்டாரின் வருடத்தை வைத்துப் படகின் வருடத்தைச் சொல்ல முடியுமா? என்னிடம் இருப்பது ஜான்சன்.

மோட்டாரின் வருடத்தைத் துல்லியமாகவே சொல்லலாம். படகின் வருடத்துக்கு அது ஒரு குறிப்பு மட்டும். பின்சுவருக்கு வெளியே மாட்டும் அவுட்போர்டு மோட்டார் நான்கு திருகும் இரண்டு கேபிளும் கழற்றினால் இறங்கிவிடும். ஐம்பது வருடப் படகு ஒன்று மூன்று நான்கு மோட்டார் பார்த்திருக்கும். மோட்டார் படகைவிடப் பழையதாக இருப்பதும் உண்டு.

1980 முதல் வந்த ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களுக்கு ஒரு சாவிச் சொல் உண்டு. ‘இன்ட்ரடியூசஸ்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதுங்கள், பத்து எழுத்து வரும். அவற்றின் கீழே வரிசையாக 1 முதல் 9 வரை, கடைசி எழுத்துக்கு 0 என்று எண் போடுங்கள். மாடல் எண்ணின் கடைசி எழுத்து திருத்த வரிசை, அதை விட்டுவிட்டு அதற்கு முந்திய இரண்டு எழுத்தை எடுங்கள். அவை சி, யூ என்றால் 8, 7. அதாவது 1987. 70களின் ஜான்சனில் இந்த வேலையே இல்லை, 50 இ.எஸ்.எல். 73 என்பதுபோல் கடைசி இரண்டு எண்ணே வருடம். அந்தக் கால எவின்ரூடில் குதிரைத்திறனை அடுத்து வரும் ஓர் இலக்கம்தான் வருடத்தின் கடைசி இலக்கத்தைச் சொல்லும்.

மாடல் தகடு, மோட்டாரைப் பின்சுவரில் பிடிக்கும் தாங்கியின் பக்கத்தில் இருக்கும். அது போயிருந்தால் மூடியைக் கழற்றி, சிலிண்டர் பகுதியின் வலப்பக்க மேற்பகுதியில் பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவில் பதிந்திருக்கும் உலோக அடைப்பைப் பாருங்கள். எண்ணை அதிலும் அடித்திருப்பார்கள். தாங்கித் தகட்டில் ஒரு வருடமும் அடைப்பில் வேறு வருடமும் வந்தால் இரண்டு மோட்டாரைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். உதிரி பாகம் வாங்கும்போது சிலிண்டருக்கு அடைப்பில் உள்ள எண்ணைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கேஸ்கெட் பொருந்தாது.

படகுக்கு இதில் என்ன பயன்? பின்சுவரில் உள்ள தாங்கி ஓட்டைகளை எண்ணுங்கள். ஒரே தொகுதி ஓட்டை, அடைத்த தடயம் எதுவும் இல்லை என்றால் இதுவே முதல் மோட்டாராக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது அதன் வருடத்துக்குக் கொஞ்சம் மதிப்புக் கொடுக்கலாம்.

இன்னொரு கேள்வி: 1957 படகு என்று விளம்பரம். ஆனால் இன்ஜின் உள்ளே, பின்சுவருக்கு வெளியே புரொப்பெல்லரோடு டிரைவ் கால் தொங்குகிறது. வாங்கலாமா?

1957-இல் அப்படி ஒரு படகு கடையில் கிடைத்திருக்காது. இந்த ஸ்டெர்ன்டிரைவ் அமைப்பை விற்பனைக்குக் கொண்டுவந்த வால்வோ பென்டாவின் அக்வாமேட்டிக் 1959 நியூயார்க் படகுக் கண்காட்சியில் அறிமுகமானது. அதே வகையான மெர்க்ரூசர் வந்தது 1961-இல். ஆகவே வருடம் தப்பு, அல்லது அவுட்போர்டு படகைப் பின்னால் வெட்டி மாற்றியிருக்கிறார்கள்.

இரண்டாவது என்றால் நாங்கள் வாங்கச் சொல்ல மாட்டோம். அவுட்போர்டு ஹல்லில் இன்ஜினின் எடையைத் தாங்கும் நீளவாட்டுச் சட்டங்கள் இருக்காது. வெட்டிய ஓட்டையின் விளிம்பில் பிளைவுட் திறந்து கிடந்தால் தண்ணீர் குடித்துச் சுவரே இற்றிருக்கும். இன்ஜினுக்கு அடியில் டார்ச் அடியுங்கள். நீளவாட்டுச் சட்டம் பின்சுவரிலிருந்து முன்பக்கம் வரை ஒரே மரமாக, ஒரே ஃபைபர் உறையோடு ஓடினால் அது தொழிற்சாலையில் கட்டியது. இன்ஜின் நீளத்துக்கு மட்டும் இரண்டு கட்டை வைத்து ஒட்டியிருந்தால் பிற்பாடு செய்த வேலை.

ஹல்லின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். ஆழமான வி வடிவ அடி 1960 மயாமி–நசாவ் போட்டியில் ரே ஹன்ட் வடிவமைத்த ‘மாப்பி’ என்ற படகு வென்ற பிறகுதான் பரவியது. அதே வடிவ அடியோடு ஃபைபர்கிளாஸில் பெர்ட்ராம் 31 என்ற படகு வந்தது 1961-இல். பின்சுவருக்கு அடியில், நடுக்கோட்டிலிருந்து கிடைமட்டமாக 10 அங்குலம் வெளியே போய், அங்கே அடிப்பக்கம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அளக்கவும். நாலரை அங்குலம் வந்தால் சுமார் 24 டிகிரி, ஆழமான வி. இரண்டு அங்குலத்தைச் சற்றே தாண்டினால் 12 டிகிரி. 1957 என்று சொல்லும் சிறு படகில் 24 டிகிரி வந்தால் விற்பவரிடம் மேலே பேச ஒன்றும் இல்லை.

மாசசூசெட்ஸ் வாசகர்: பாஸ்டன் வேலர் 13, உள்பக்கம் நீலம். அளந்தால் 13 அடியைவிட நீளமாக இருக்கிறது. வேறு மாடலா?

அதே மாடல்தான். பெயரில் உள்ள எண் நீளத்தை உத்தேசமாகச் சொல்வது, 13-இன் உண்மை நீளம் சுமார் 13 அடி 4 அங்குலம். அதே கம்பெனியின் மொன்டாக் 17 என்ற படகின் நீளம் 16 அடி 7 அங்குலம். பெயரில் உள்ள எண்ணை வைத்து எந்த மாடலையும் தள்ளிவிடாதீர்கள்.

கம்பெனியை நிறுவிய டிக் ஃபிஷரின் இந்தப் படகு ரே ஹன்ட் வடிவமைப்பில் 1958-இல் வந்தது. நீல உள்பக்கம் 1970களின் தொடக்கம் வரை இருந்தது, பிறகு மணல் நிறமாயிற்று. உங்கள் நீலம் மேலே அடித்த பெயின்டாக இல்லாமல் ஜெல்கோட்டாகவே இருக்கிறதா என்று ஏதாவது ஒரு கொக்கியைக் கழற்றி அடியில் பாருங்கள். ஜெல்கோட் என்றால் படகு பெரும்பாலும் ஹல் அடையாள எண்ணுக்கு முந்தியது. அப்போது கம்பெனியின் பழைய வரிசை எண்ணைத் தேட வேண்டும். அவர்கள் எண்ணை வரிசையாகவே போட்டு வந்ததால் வருடத்தை நெருக்கமாகச் சொல்லிவிடலாம்.

வருடத்தைவிட உங்களுக்கு முக்கியமானது எடை. இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே நுரை நிரப்பிய படகு இது. திருகாணி ஓட்டை வழியாக உள்ளே போன தண்ணீர் எளிதில் வெளியே வராது. டிரெய்லரோடு எடைமேடையில் ஒருமுறையும், டிரெய்லரை மட்டும் தனியாக ஒருமுறையும் நிறுத்தி வித்தியாசத்தைக் கையேட்டு எடையோடு ஒப்பிடுங்கள். மோட்டார், பேட்டரி, பெட்ரோல் டாங்க் எடையைக் கழிக்க மறக்க வேண்டாம்.

லண்டன் வாசகர்: இங்கே வாங்கிய படகில் ஐரோப்பியத் தரவிதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சி.இ. தகடு இல்லை. திருட்டுப் படகா?

அதை மட்டும் வைத்து அப்படி நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் பொழுதுபோக்குப் படகுகளுக்கு சி.இ. தகடு 1998 ஜூன் 16 முதல்தான் கட்டாயம். அதற்கு முன் விற்பனைக்கு வந்த படகில் அது இருக்க வேண்டியதில்லை. 14 எழுத்து–எண் கொண்ட அடையாள எண், அதுவும் நாட்டின் இரண்டெழுத்தோடு தொடங்கினால் படகு புதிய காலத்தது. 12 மட்டும் இருந்தால் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கலாம், மின்னசோட்டா வாசகருக்குச் சொன்னபடி படித்துப் பாருங்கள். எண்ணே இல்லாவிட்டால் விற்பவரிடம் பழைய விற்பனை ரசீதுகளையும் நீர்வழி உரிமச் சீட்டுகளையும் கேளுங்கள். இருபது வருடத்துக்கு முந்திய ஒரு ரசீது கிடைத்தாலே மேல்எல்லை ஒன்று உறுதியாகிவிடும்.

விஸ்கான்சின் வாசகர்: அடுத்த மாதம் முழுப் படகையும் தேய்த்துப் பெயின்ட் அடிக்கப் போகிறேன். மாடல் இன்னும் தெரியவில்லை. அதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

உப்புத்தாளை எடுப்பதற்கு முன் ஒரு முழு நாளைப் பதிவுக்கு ஒதுக்குங்கள். தேய்த்த பிறகு எந்தத் தடயமும் திரும்பக் கிடைக்காது.

இரண்டு பக்கமும், பின்சுவர், முன்முனை, மேலிருந்து டெக், டாஷ்போர்டு என்று நேர்கோணத்தில் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் ஓர் அளவுகோல் தெரியட்டும். பிறகு பாகங்களைக் கழற்றுங்கள். ஒவ்வொரு கொக்கி, விளக்கு, கைப்பிடியின் அடியிலும் மூல ஜெல்கோட் நிறம் தெரியும், அதையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். கையேட்டில் அந்த வருடத்துக்கு எந்தெந்த நிற ஜோடி இருந்தது என்று போட்டிருப்பார்கள். ஹல் வெள்ளை, டெக் பச்சை என்பது ஒரு வருடத்துக்கு மட்டும் வந்த ஜோடியாக இருந்தால் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

சீட்டுப் பெட்டிகளையும் தரைப் பலகையையும் எடுக்கும்போது திருப்பிப் பார்க்காமல் தூக்கிப் போடாதீர்கள். பிளைவுட்டின் அடியிலும் டெக்கின் உள்பக்கத்திலும் தொழிலாளிகள் சில சமயம் மெழுகுப் பென்சிலால் ஹல் எண்ணையோ தேதியையோ கிறுக்கியிருப்பார்கள். ரெசின் பூசியிருந்தால் அது மங்கலான மஞ்சளுக்கு அடியில் தெரியும். ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பலகை இற்றுப்போயிருந்தாலும் எழுத்து இருக்கும் துண்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சுவரைப் பழுது பார்ப்பதாக இருந்தால் உள்தோலை வெட்டுவதற்கு முன் அங்கே ஒட்டியிருக்கும் தகடு, ரிவெட் ஓட்டை எல்லாவற்றையும் டிரேசிங் தாளில் படியெடுங்கள். மரம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க உள்பக்கம் தாழ்வான இடத்தில் எட்டில் ஒரு அங்குல ஓட்டை ஒன்று போட்டால் போதும். வரும் தூள் வெளிறி உலர்ந்திருந்தால் பரவாயில்லை. கறுத்து ஈரமாக வந்தால் சுவர் போய்விட்டது. எப்படியானாலும் ஓட்டையை எபாக்ஸியால் அன்றே அடைத்துவிடுங்கள்.

அடிப்பக்கப் பெயின்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள். பாசி பிடிக்காமல் இருக்க அடித்த பழைய பெயின்டில் ஈயமோ வெள்ளீயச் சேர்மமோ இருக்கலாம். 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு அந்த வெள்ளீயப் பெயின்டை அமெரிக்கா கட்டுப்படுத்தியதே 1988-இல்தான். ஈரத்தோடு தேய்த்து, கீழே பிளாஸ்டிக் விரித்து, கழிவை அள்ளி அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். முகத்துக்குத் துணி போதாது, வடிகட்டி வைத்த ரெஸ்பிரேட்டர் வேண்டும்.

பின்சுவரின் வலப்பக்க மேல்மூலையில் மட்டும், எண் இருக்க வேண்டிய இடத்தில், ஓர் அடி நீளத்துக்குக் கையால் வேலை செய்யுங்கள். அந்த இடத்துக்கு மெஷின் போகவே வேண்டாம்.